சூளையில் ஜன்னலோர இடம்

செராமிக் கலைஞர்கள் ஏன் ஒரே வளாகத்தில் கூடித் தங்கி வேலை செய்கிறார்கள் என்று கேட்டால் ‘கருத்துப் பரிமாற்றம்’, ‘படைப்புச் சூழல்’ என்று அழகாகச் சொல்வார்கள். விண்ணப்பப் படிவத்தில் நானும் அப்படித்தான் எழுதினேன். உள்ளே போய்ப் பார்த்தால் காரணம் விறகு. ஆள் உயர விறகுச் சூளை ஒன்றை ஒருவராகவே பானை வனைந்து நிரப்புவதற்குள் வருஷம் ஓடிவிடும். நிரப்பினாலும், ராப்பகலாக விழித்திருந்து அதற்குத் தீனி போட ஒற்றை ஆளால் ஆகாது. எழுத்தாளருக்கு ஒரு மேசை போதும். சூளை வைத்திருப்பவருக்கு ஒரு கூட்டமே வேண்டும். அந்தக் கூட்டத்துக்குச் சோறு, பாய், கொசுவலை எல்லாம் கொடுத்து, மூன்று வேளையும் ‘கலை’ என்று சொல்லி வைத்திருப்பதுதான் இந்தத் தங்கல் ஏற்பாடு.

நான் பெட்டி கட்டிய அன்று என் மாமியார் நிலைப்படியில் நின்றார்.

“பானை செய்யறதுக்கா வீட்டை விட்டுப் போய்த் தங்கணும்? பொங்கலுக்கு வாசல்லயே கொண்டாந்து விக்கிறானே.”

“அது வேற, அத்தை. அது 800, 900 டிகிரியில வேகுறது. இது ஸ்டோன்வேர். 1,300 டிகிரி வரைக்கும் போகும்.”

“கீழ போட்டா உடையாதா?”

“உடையும்.”

“அப்புறம் என்ன வேற?”

இதற்கு நான் அப்போதும் பதில் சொல்லவில்லை, இப்போதும் சொல்லவில்லை.

போன இடம் புதுச்சேரிக்கு வடக்கே, முந்திரித் தோப்புக்கு நடுவில். இந்தத் தொழிலுக்குப் புதுச்சேரிப் பக்கம் ஒரு மவுசு உண்டு. 1971-இல் டெபோரா ஸ்மித், ரே மீக்கர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். இன்று இந்தியாவில் ஸ்டோன்வேர் செய்கிற பலரிடம் ‘யாரிடம் கற்றீர்கள்?’ என்று நூல் பிடித்துக்கொண்டே போனால் கடைசியில் அந்த வாசலில்தான் போய் நிற்போம். மீக்கர் பானையோடு நிற்கவில்லை. பச்சை மண்ணால் வீடு கட்டி, உள்ளே சுடாத செங்கல்லையும் சாமானையும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கித் தீ மூட்டி வேகவைத்துப் பார்த்தவர் அவர். வீட்டைக் கொதிநிலைக்குக் கொண்டுபோவது நம் பக்கம் பல குடும்பங்களுக்குக் கைவந்த கலைதான் என்றாலும், அதை இங்கே திட்டமிட்டு, வரைபடம் போட்டுச் செய்தவர் அவர்தான்.

எங்கள் முகாமில் பலதரப்பட்டவர்கள். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்த பெங்களூர்ப் பெண், வளைவு இல்லாத எதையும் மதிக்காத கோட்டயத்துக் கட்டட நிபுணர், யானை மட்டுமே செய்கிற கொல்கத்தா சிற்பி, பேசாமலிருப்பது தன் வேலைமுறையின் ஒரு பகுதி என்று முதல் நாளே ஒரு மணி நேரம் விளக்கிய புனே இளைஞர். இவர்களுக்கு மண் பிசைந்து தரவும் சக்கரத்தில் கை பழக்கவும் விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் தினம் சைக்கிளில் வருவார். பரம்பரைக் குயவர். நாங்கள் ஒரு கிண்ணத்தின் விளிம்பு உள்ளே மடங்க வேண்டுமா வெளியே மலர வேண்டுமா என்று யோசித்து முடிப்பதற்குள் அவர் ஒரு பலகை நிறைய அகல் வனைந்து வெயிலில் வைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்.

சமையல் செய்தவர் பக்கத்து ஊர் அக்கா. அவருக்கு எங்கள்மேல் இரண்டு புகார்கள் நிலுவையில் இருந்தன. முதலாவது, தட்டும் கிண்ணமும் செய்வதற்கென்றே இத்தனை பேர் கூடியிருக்கும் இடத்தில் சாப்பிடுவது எவர்சில்வர் தட்டில். காரணம் எளிது. யாராவது செய்த தட்டில் சோறு போட்டால் பக்கத்தில் இருப்பவர் விரலால் விளிம்பைத் தடவுவார், எடை பார்ப்பார், “அடி கொஞ்சம் கனமோ?” என்பார். ரசத்துக்குள் பகை கலந்துவிடும். எவர்சில்வரை யாரும் விமரிசிப்பதில்லை. இரண்டாவது புகார், பானைக்காரர்கள் எதைக் கையில் எடுத்தாலும் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்ப்பது. செய்தவரின் கைத்தரம் கலத்தின் பாதத்தில்தான் தெரியும் என்பது தொழில் நம்பிக்கை. உள்ளே காபி இருக்கிறதா என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வராது.

“ஒரே அளவுல நாலு டம்ளர் செய்யத் தெரியல. இதுகளுக்கு இம்மாம் பெரிய சூளை!” என்று அக்கா ஒருநாள் அடுப்பிடம் சொன்னது எனக்கும் கேட்டது. அவருடைய கிரைண்டரில் கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சுக் கலவையை அரைத்துத் தரும்படி பெங்களூர்ப் பெண் கேட்ட நாள் அது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பொதுவாழ்க்கையில் பொருள்கள் இடம் மாறும். மண்ணை அறுக்கும் கம்பி, கசியும் ஈரத்தை ஒற்றும் பஞ்சு, அடிசீவும் கருவி எல்லாம் இங்கே காலில்லாமல் நடக்கும். எல்லோரும் தங்கள் கருவிகளில் வண்ண நூல் சுற்றி அடையாளம் வைத்தார்கள். பிறகு நூல் மட்டும் கிடைத்தது. இந்தச் சங்கடம் பழையது. சிதம்பரத்தில் குயவராக இருந்த திருநீலகண்டரிடம் சிவனே யோகியாக வந்து ஒரு திருவோட்டைக் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொன்னார். பிறகு தானே அதை மறையச் செய்துவிட்டு, வந்து திருப்பிக் கேட்டார். வேறு நல்ல ஓடு தருகிறேன் என்று இவர் எவ்வளவோ சொல்லியும் அவர் கேட்கவில்லை. வழக்கு தில்லை அந்தணர் சபை வரை போனது. எங்கள் கம்பி வழக்குகள் வாட்ஸ்அப் குழு வரைதான் போயின. ஆனால் அங்கே கடைசியில் சிவன் காட்சி கொடுத்தார். இங்கே யாரும் ஒப்புக்கொள்ளக்கூட இல்லை.

மாலையில் விமரிசனக் கூட்டம் நடக்கும். நடுவில் ஒரு கலத்தை வைத்துச் சுற்றி உட்கார்ந்து, இது வெளியை எப்படி எதிர்கொள்கிறது, இதன் மௌனம் எங்கே தொடங்குகிறது என்று பேசுவோம். புனே இளைஞர்தான் மௌனத்தைப் பற்றி அதிகம் பேசுவார். ஒருநாள் பெரியவரையும் உட்காரவைத்து, “இந்தக் கலம் உங்ககிட்ட என்ன சொல்லுது?” என்று கேட்டார்கள். அவர் அதைத் தூக்கிப் பார்த்தார், சுண்டிப் பார்த்தார். “‘தண்ணி நிக்காது’ன்னு சொல்லுதுங்க” என்றார். அன்றைக்குக் கூட்டம் சீக்கிரம் முடிந்தது.

விறகு பிளக்கும் நாளில் எங்கள் நிர்வாகி தவறாமல் மான்டானா கதை சொல்வார். அமெரிக்காவின் மான்டானா மாநிலத்து ஹெலினா நகரில் ஆர்ச்சி பிரே என்ற செங்கல் சூளை முதலாளி 1951-இல் தன் வளாகத்திலேயே மட்கலக் கலைஞர்களுக்கு இடம் கொடுத்தார். முதலில் வந்த இளைஞர்கள் பீட்டர் வோல்கோஸ், ரூடி ஆட்டியோ. பகலில் செங்கல் வேலை, அது முடிந்தபின் சொந்த வேலை. அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் பெர்னார்டு லீச்சும் ஜப்பானின் ஷோஜி ஹமாடாவும் அந்தச் செங்கல் சூளைக்கு வந்து வகுப்பு நடத்தினார்கள். வோல்கோஸ் பிற்காலத்தில் அமெரிக்க மட்கலக் கலையையே புரட்டிப் போட்டார். கதை உண்மைதான். ஆனால் எங்களுக்குச் சொல்லப்பட்டதன் பொருள், கோடரி அங்கே இருக்கிறது என்பது. கோட்டயத்துக்காரர் மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்பார்: “வோல்கோஸுக்குச் செங்கல் சுட்டதற்குக் கூலி உண்டா?”

இனி சூளை அடுக்கும் நாள். கூடி வாழ்வதன் முழு அரசியலும் அன்றைக்குத்தான் வெளியே வரும். விறகுச் சூளையில் எல்லா இடமும் சமம் இல்லை. தீவாய்க்கு நேராக இருக்கும் கலத்தின்மேல் சாம்பல் பறந்து வந்து படிந்து, சூட்டில் உருகி, தானாகவே கண்ணாடிப் பூச்சாகிவிடும். மூலையில் ஒதுங்கிய கலம் வெந்ததா வேகவில்லையா என்றே தெரியாமல் வெளியே வரும். ஆகவே எல்லோருக்கும் முன்வரிசை வேண்டும். பொங்கலுக்கு முதல் நாள் கோயம்பேட்டில் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற அதே வேகத்தோடு, அதிகாலையிலேயே ஆளுக்கொரு ஜாடியைச் சூளைத் தட்டில் வைத்து இடம் பிடித்துவிடுவார்கள். கொல்கத்தாக்காரர் யானையையே வைத்துவிடுவார். அதை நகர்த்த நாலு பேர் வேண்டும்; நாலு பேரும் ஒரே பக்கம் இருந்த சரித்திரம் எங்கள் முகாமில் இல்லை.

பக்கத்தில் யார் வருகிறார்கள் என்பதும் முக்கியம். கனமாகச் செய்து, ஐப்பசி மழையில் சரியாகக் காயாத பண்டத்தை முதல் சூட்டுக்கு வைத்தால் உள்ளிருக்கும் ஈரம் நீராவியாகி வெடிக்கும். யானை ஒன்று அப்படித்தான் வெடித்தது. என் குவளைக்குள் தந்தமும் பெங்களூர்ப் பெண்ணின் கிண்ணத்தில் ஒரு காதும் கிடந்தன. கிளேஸைத் தடிமனாகப் பூசுகிறவர் பக்கத்தில் வந்தால் அது வழிந்து தட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு உளியும் சுத்தியலும்தான். எல்லாவற்றிலும் விசித்திரம் செம்பு. அது சூட்டில் ஆவியாகிப் பக்கத்துக் கலத்தில் போய் உட்காரும். நான் வெள்ளையாகப் பூசிய கிண்ணம் ஒரு பக்கம் மட்டும் கன்னம் சிவந்து வந்தது. பார்த்தவர்கள் எல்லாம் கொண்டாடினார்கள். பக்கத்தில் செம்பு ஜாடி வைத்திருந்த பெங்களூர்ப் பெண், அந்தச் சிவப்பு தன்னுடையது, விற்றால் பாதி விலை வேண்டும் என்றார். அவர் கேட்டதில் விஞ்ஞான ரீதியாக ஒரு பிழையும் இல்லை.

தீ மூட்டிய பிறகு சண்டைக்கு நேரம் இருப்பதில்லை. சில நிமிஷத்துக்கு ஒருமுறை சவுக்குச் சிராய் உள்ளே போக வேண்டும்; முறை வைத்து ஆள் மாற வேண்டும். சுவரில் ஒரு செங்கல்லை உருவினால் உள்ளே ஆரஞ்சு வெளிச்சத்தில் விரல் நீளக் கோன்கள் வரிசையாக நிற்பது தெரியும். குறித்த சூட்டுக்கு ஒவ்வொன்றும் தலை சாயும். கடைசிக் கோன் சாயும்வரை தூங்க முடியாது. அது விடியற்காலையில்தான் சாயும், அதுதான் அதன் சுபாவம். அந்த நேரத்தில் அக்கா சொல்லாமலே சுக்குக் காபி கொண்டுவந்தார். அதை மட்டும் யாரும் கவிழ்த்துப் பார்க்கவில்லை.

அதன்பின் வருவது பெரிய சோதனை: சும்மா இருப்பது. ஆறும்போது 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் படிகம் சட்டென்று சுருங்கும். அவசரப்பட்டுத் திறந்து குளிர்காற்றை விட்டால் கலம் விரிசல் விடும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், ‘சூளை எப்படியிருக்கு’ என்று விசாரிக்கிற சாக்கில் ஆளாளுக்கு ஒரு செங்கல்லை நகர்த்திப் பார்த்தார்கள். பெரியவர் கடைசியில் சூளைக் கதவோரம் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டார்.

அவரிடம் ஒருநாள் கேட்டேன், உங்கள் ஊரில் சூளை எப்படி என்று. “தெருவுக்கே ஒண்ணுதாம்மா. எல்லாரும் சேந்து அடுக்கி, சேந்து எரிப்போம்” என்றார். மும்பையில் தாராவியின் கும்பார்வாடாவிலும் அதுவே வழக்கம். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் வீடுகளுக்கு நடுவே பொதுச் சூளை வைத்துத் தலைமுறைகளாகச் சுடுகிறார்கள். அந்தத் தெருக்களுக்கு விண்ணப்பப் படிவம் கிடையாது, விமரிசனக் கூட்டம் கிடையாது, கட்டணமும் கிடையாது. எங்கள் முகாமில் கலைஞர்களாகிய நாங்கள் பணம் கட்டினோம், பெரியவர் கூலி வாங்கினார். கணக்கு எப்படிப் பார்த்தாலும் அங்கே தொழில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்று எனக்குப் படுகிறது.

அடுத்த சூளை பங்குனியில் வைக்கிறார்கள். ஆள் தேவை. விறகு பிளக்கவும் ராத்திரி விழிக்கவும் தெரிந்தவர்கள் விண்ணப்பிக்கலாம். பானை செய்யத் தெரிந்தால் கூடுதல் தகுதி. யானை செய்கிறவர்கள் தயவுசெய்து நன்றாகக் காயவைத்துக் கொண்டுவரவும்.