சிப்பிகள் அறிக்கை படிப்பதில்லை

பிக் டேட்டா விற்க வருபவர்கள் தூத்துக்குடியில் கொஞ்சம் அடக்கி வாசிப்பது நல்லது. மாதிரிச் சிப்பிகளை அள்ளி, பிளந்து, ஆயிரத்துக்கு எவ்வளவு தேறும் என்று மதிப்புப் போட்ட பிறகே இங்கே அந்தக் காலத்தில் அரசாங்கம் முத்துக்குளிப்பை அறிவித்தது. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டும் கடல்கட்டிக்கும் பங்கு இருந்தது. இப்போது அதற்கு ரிஸ்க் மேனேஜ்மென்ட் என்று பெயர். பில் மட்டும் பெரிது.

எதிர்க்கரையில், இலங்கையின் முத்துச் சிப்பிப் படுகைகளை ஆராய்ந்து பேராசிரியர் ஹெர்ட்மேன் ஐந்து தொகுதி எழுதினார். 1905-இல் வசூல் கொட்டியது. வரைபடத்தில் கோடு மேலே போனால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? 1906-இல் ஒரு கம்பெனி 20 ஆண்டுக் குத்தகை எடுத்தது. 1907-க்குப் பிறகு சிப்பியைக் காணோம். கம்பெனியும் கலைந்தது, ஐந்து தொகுதிகளும் நூலகங்களில் சௌக்கியம்.

குத்தகைக்காரர் தொலைநோக்கோடு 20 ஆண்டைப் பார்த்தார். பழைய ஆட்கள் வருஷாவருஷம் முங்கிப் பார்த்தார்கள். சிப்பி இளசாக இருந்தால் விட்டுவிட்டு வந்தார்கள்.

இப்போது ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம், செயற்கைக்கோள் காட்டும் கடல் வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்து மீன் கூடக்கூடிய இடத்தைச் சொல்கிறது. இலவசம், தேடி அலையும் டீசலும் மிச்சம். ஆனால் அந்தத் தகவல் எல்லோருக்கும் பொது. முந்திப் போனவருக்கு மீன், பிந்தியவருக்கு டேட்டா.