மாவும் மால்ட்டும்

தொண்ணூறுகளில் ஹூஸ்டனில் வேலைக்கு வந்து இறங்கிய நம்மவர்களுக்கு, கிரீன் கார்டுக் காகிதங்கள் யாரோ ஒருவர் மேசையில் உறங்கிக்கொண்டிருந்த அந்த நாட்களில், ஆளுக்கொரு பைத்தியம் பிடித்திருந்தது. ஒருவர் கறிவேப்பிலைத் தொட்டியைக் குளிர்காலம் முழுக்க ஹாலுக்கும் வாசலுக்குமாகத் தூக்கிக்கொண்டு அலைந்தார். இன்னொருவர் ஞாயிறுதோறும் கேசட்டிலிருந்து கேசட்டுக்கு இளையராஜாவை ஏற்றிக்கொண்டிருந்தார். எனக்கு வாய்த்தது பீர் காய்ச்சும் பைத்தியம். ஊரில் காய்ச்சினால் போலீஸ் ஜீப் வரும். இங்கோ 1978 இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டத்தின்படி, பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டில் விற்காமல், வரி கட்டாமல், ஆண்டுக்கு 200 கேலன் வரை காய்ச்சிக்கொள்ளலாம். கள்ளுக்கடைகளைக்கூட 1987 இல் இழுத்து மூடிவிட்ட மாநிலத்திலிருந்து வந்தவனுக்கு இதைப் படித்ததும் தலை கொஞ்சம் கிறுகிறுத்தது, ஒரு சொட்டுகூடக் குடிக்காமலே.

அணுப் பொறியியல் படித்துவிட்டுப் பள்ளி ஆசிரியராகப் போன சார்லி பப்பாஸியன் 1984 இல் எழுதிய புத்தகம்தான் எங்கள் எல்லோருக்கும் வேதம். பக்கத்துக்குப் பக்கம் பதற்றப்படாதே என்று முதுகில் தட்டிக்கொடுக்கும் புத்தகம் அது. ஆனால் அவர் இருந்தது கொலராடோ மலையடிவாரம். ஆகஸ்ட் மாதத்து ஹூஸ்டனில் ஐந்து கேலன் வாளியோடு உட்கார்ந்திருப்பவன் பதறாமல் என்ன செய்வான்? ஏல் வகை ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி வரை இருந்தால்தான் சுகம். வெளியே 35. போதாக்குறைக்கு, நுரைக்கத் தொடங்கினால் ஈஸ்ட்டே சூடு கிளப்பும். அறையைவிட வாளி சில டிகிரி கூடுதலாகக் கொதித்துக்கொண்டிருக்கும். சூட்டில் நுரைத்த பீரில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை ஏறும், மறுநாள் காலையில் நெற்றிப்பொட்டு தெறிக்கும். பவேரியாக்காரர்கள் இதற்காக 1553 இல் கோடையில் காய்ச்சுவதையே தடை செய்தார்கள். ஏப்ரல் 23 க்கு அடுப்பை அணைத்தால் மறுபடி மூட்டுவது செப்டம்பர் 29 க்குத்தான். அரசாங்கமே சொல்லியும் கேட்காத வெயில் என்பதால் மனிதர்களைத் தடுத்தார்கள் போலும். அப்புறம் 1870 களில் கார்ல் வான் லின்டே தன் குளிர்சாதன இயந்திரத்தை மியூனிக் மதுவடிப்பாலையில் ஓட்டிக்காட்டிய பிறகுதான் அங்கே கோடைக்கு விடுதலை.

எங்களிடம் லின்டே இல்லை, ஒரு பழைய பனியன் இருந்தது. குளியல் தொட்டியில் நாலு விரல் தண்ணீர், அதில் வாளி, வாளிக்குப் பனியன், பனியனின் ஓரம் தண்ணீரில் தோய்ந்து மேலே ஏறிக்கொண்டே இருக்க, எதிரே ஒரு மேசை விசிறி. கழுத்துத் துவாரம் வழியாக, வாயுவை வெளியே விடும் ஏர்லாக் மட்டும் தலை நீட்டிக்கொண்டிருக்கும். இரவில் பிளக் பிளக் என்று அது குமிழி விடும் சத்தம் கதவைத் தாண்டிப் படுக்கையறைவரை கேட்கும். எத்தனை வினாடிக்கு ஒன்று என்று எண்ணிக்கொண்டே தூங்கிப்போவதில் இருந்த நிம்மதி எந்தத் தூக்க மாத்திரையிலும் இல்லை. காய்ச்சிய வோர்ட்டை, அதாவது மால்ட் சாற்றை, ஆறவைப்பது வேறு கூத்து. செம்புக் குழாய்ச் சுருளைப் பாத்திரத்துக்குள் இறக்கி, அதற்குள் குழாய்த் தண்ணீரை ஓடவிட வேண்டும். ஆகஸ்டில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வருவதால், பெட்டிக்கடை வாசலில் கலர் பாட்டில் கிடக்குமே, அந்த மாதிரி ஐஸ் தொட்டியில் முதலில் குழாயைக் குளிப்பாட்ட வேண்டும்.

சீக்கிரம் ஆறவைக்க வேண்டியதன் காரணம் கிருமி. ஒரு மணி நேரம் கொதித்த வோர்ட்டில் பீரைக் கெடுக்கும் எதுவும் உயிரோடு இருக்காது. ஆறி இறங்கும் அந்த நேரத்தில்தான் லாக்டோபேசில்லஸ், காட்டு ஈஸ்ட், எங்கிருந்தோ வரும் பழ ஈ, அதன் காலில் ஒட்டிவரும் அசிட்டோபேக்டர் எல்லாம் பந்தியில் இடம் பிடிக்கும். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த ஆயுதம் பிளீச்சிங் திரவம். அதில் முக்கியதைக் கொதித்து ஆறிய தண்ணீரில் அலச வேண்டும், அலசியது போதாவிட்டால் மிஞ்சிய குளோரின் மால்ட்டோடு சேர்ந்து பீரில் பேண்டேஜ் வாசனை வீசும். பாட்டியின் மடி ஆசாரத்தைப் பார்த்துக் கல்லூரி நாட்களில் சிரித்த பகுத்தறிவாளன், மூடியைத் தொடாதே, கரண்டியைக் கீழே வைக்காதே, இந்தப் பக்கம் தும்மாதே என்று அபார்ட்மென்ட் சமையலறையில் நின்று கத்திக்கொண்டிருந்தான். பாட்டி மடித்துணி உலர்த்தும் கொடிக்குக் குச்சி வைத்திருந்தாள். நான் இடுக்கி வைத்திருந்தேன்.

இதே சமையலறையில்தான் சனிக்கிழமைதோறும் என் மனைவி இட்லிக்கு அரைத்தாள்.

உளுந்தோடு ஒட்டிவரும் லியூகோனோஸ்டாக்கும் லாக்டோபேசில்லஸும் இல்லாமல் மாவு பொங்காது. அவள் அவற்றை வரவேற்று, கையை முழங்கை வரை விட்டுக் கலக்கினாள். அதே கையால் என் புனல் பக்கம் வந்துவிடக் கூடாது என்பது என் கவலை. இடத்தகராறு வேறு. மாவுக்குச் சூடு வேண்டும், வீட்டுக்குள் ஏசி. பீருக்குக் குளிர்ச்சி வேண்டும், வெளியே ஹூஸ்டன். ஆகவே கோடையில் மாவுப் பாத்திரம் கராஜுக்குப் போகும், வாளி குளியலறைக்கு வரும். குளிர்காலத்தில் மாவு விளக்கெரியும் ஓவனுக்குள் ஏறிக்கொள்ளும், வாளி கராஜுக்கு இறங்கும். “ஏங்க, நான் குளிக்கிறதா வேண்டாமா?” என்ற கேள்விக்கு, அடுத்த வியாழன்வரை பொறு என்று பதில் சொன்ன ஒரே கணவன் டெக்சஸில் நான்தான் என்று இன்றும் சொல்லிக்காட்டுகிறாள். வெயில் ஜெயித்த வாரங்களில் புளித்துப்போனதெல்லாம் பின்பக்கப் புல்லுக்குப் போயிற்று. புல் நன்றாகவே வளர்ந்தது.

இப்போது மகன் காய்ச்சுகிறான். பளபளக்கும் எஃகுக் கூம்பு, அதைச் சுற்றி ஓடும் குளிர்த் திரவம், உள்ளே மிதக்கும் ஒரு கருவி. அலுவலகக் கூட்டத்தின் நடுவே போனில் வெப்பநிலையைப் பார்த்துக்கொள்கிறான். ஸ்டார் சான் என்று ஒரு கிருமிநாசினி நுரை, தெளித்தால் போதும், அலசவே வேண்டாம். ஏர்லாக்குக்குப் பதில் ஏதோ வால்வு, சத்தமே கிடையாது. இவ்வளவும் வாங்கி முடித்த பிறகு, நார்வே கிராமத்தார் மரவளையத்தில் காயவைத்துத் தலைமுறைதோறும் காத்துவந்த க்வெய்க் என்ற ஈஸ்ட்டைப் பற்றி அறிந்துகொண்டான். அதற்கு 35 டிகிரிக்கு மேல்தான் உற்சாகம். ஆக, குளிரவைக்கும் எந்திரத்தை அணைத்துவிட்டு ஆகஸ்ட் மாதத்துக் கராஜில் கொண்டுபோய் வைத்திருக்கிறான். என் பனியன் பட்ட பாடு!

அதோடு விட்டானா? பிரஸ்ஸல்ஸ் பக்கத்து லாம்பிக் பீர்க்காரர்கள் அகலத் தட்டில் வோர்ட்டை ஊற்றி, குளிர்கால இரவில் காற்றிலிருப்பது எல்லாம் வந்து விழட்டும் என்று ஜன்னலைத் திறந்தே வைக்கிறார்களாம். அந்தப் புளிப்புக்கு இங்கே என்ன விலை தெரியுமா என்கிறான். தெரியும், எங்கள் புல்லைக் கேள் என்றேன்.

போன வாரம் வந்தவன் என்னிடம் வரவில்லை, நேரே அடுக்களைக்குப் போனான். லைப்சிக் நகரத்துக் கோஸ, 1966 இல் கடைசி ஆலையும் மூடி அழிந்தேபோய், எண்பதுகளில் மறுபடி உயிர்பெற்ற புளிப்பு பீர், காய்ச்சப் போகிறானாம்.

“அம்மா, பொங்கின மாவு ரெண்டு ஸ்பூன் குடேன்.”

“கல்லுப்பு போட்டுட்டேன்டா, பரவால்லையா?”

“அதுல உப்பு போடத்தாம்மா வேணும். கொத்தமல்லி விதையும் போடணும்.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அஞ்சறைப்பெட்டியைத் திறந்தாள்.