முந்தியா, பிந்தியா, மருமவனே?

மருமவனே, இப்படி வந்து உக்காரும். அடையாறு வந்ததுலேருந்து பாக்கேன், ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வந்தா நீரும் தி.நகர் மச்சானும் கறிச்சோறு ஆறுத வரைக்கும் சண்டை. சபை எடுத்துக்கொள்ளப்படுதது உபத்திரவ காலத்துக்கு முந்தின்னு நீரு. ஏழு வருசமும் பட்டுட்டுத்தான்னு அவரு. மூணரை வருசத்துல, நட்ட நடுவுலன்னு பஞ்சாயத்துக்கு வருதா உம்ம கொழுந்தியா. தானியேலோட எழுபதாவது வாரத்த மூணு பேரும் பாகப்பிரிவினை பண்ணுதியோ!

முந்தி, முந்திங்கீரே, அது சீமையில டார்பி ஐயர் 1830-கள்ல பரப்பினது. 1909-ல ஸ்கோஃபீல்டு வேதாகமத்துல அடிக்குறிப்பா ஏறிச்சு. பொறவு அடிக்குறிப்பே வசனமாயிப் போச்சு. டார்பி கூட்டத்துல இருந்த பல்லு வைத்தியர் குரோவ்ஸ் மெட்ராசுக்கு வந்தாரு. அவருகூட ஊழியம் பண்ணின நம்ம திருநெல்வேலி அருளப்பன் நாள்ல, 1860-ல, பெரிய எழுப்புதல். அந்தத் தீ திருவிதாங்கூருக்கும் போச்சு. அங்க விதுவான் குட்டின்னு ஒருத்தர், யுஸ்தூஸ் யோசேப்பு, பிறப்புல தமிழ்ப் பிராமணர், 1881-ல ஆண்டவர் வருவாருன்னு வருசமே குறிச்சிட்டாரு. 1881 வந்துச்சு. 1882-ம் வந்துச்சு. ஊர்க்காரன் அந்தக் கூட்டத்துக்கு ‘அஞ்சரை வேதக்காரங்க’ன்னு பேரு வச்சதுதான் மிச்சம்.

கொரியாவுல 1992 அக்டோபர் 28-ன்னானுவ. அமெரிக்காவுல கேம்பிங் 2011 மே 21-ன்னாரு, தப்பினதும் அக்டோபருக்கு வாய்தா வாங்கினாரு. நாளும் நாழிகையும் ஒருத்தனுக்கும் தெரியாதுன்னு மத்தேயுல இருக்கது இவங்க கண்ணுல மட்டும் படாது.

அது கெடக்கட்டும். எந்நேரமும் போயிருவோம்ங்கீரு, இந்த வீட்டுக்கு இருபது வருசக் கடன் வாங்கியிருக்கீரு. ஜாமீன் யாரு? மச்சான்! நீரு சொல்லுத மாதிரி நீரு மேல போயிட்டா, ஏழு வருச உபத்திரவத்தோட உம்ம தவணையும் அவரு தலையில. அந்த மனுசன் ‘பிந்தி’ன்னு ஏன் மல்லுக்கு நிக்காருன்னு இப்பல்லா வெளங்குது!

சாந்தோமுல மெழுகுவத்தி ஏத்துத ஆச்சிகிட்ட ரகசிய வருகை எப்பன்னு கேட்டுப் பாரும். “எத்தன மணிப் பூசைய்யா அது?”ன்னு கேப்பா. ஆர்.சி. சபையில இந்த அட்டவணையே கெடையாது. விசுவாசப் பிரமாணத்துல நியாயந்தீர்க்க வருவாருன்னு இருக்கு, அதோட சரி.

அங்க கல்லறை உள்ள தோமாவை யோசிச்சீரா? உயிர்த்த ஆண்டவர் மொத நாள் சாயங்காலம் வந்தப்ப மத்த சீஷரெல்லாம் வீட்டுக்குள்ள, இவரு மட்டும் ஆளைக் காணும். எட்டு நாள் கழிச்சு இவரு இருக்கையில மறுபடி வந்து, காயத்த தொட்டுப் பாருன்னாரு. அப்படித் தவறவிட்ட ஆளுதான் மயிலாப்பூர் வரைக்கும் வந்தாருங்காவ. மொத நாளே ஆஜரானவங்கள்ல ஒருத்தராவது லஸ் கார்னர் பக்கம் எட்டிப் பாத்தாவளா, சொல்லும்?

எக்காளம் எப்ப ஊதுதோ ஊதட்டும்வே. போன கிறிஸ்மசுக்கு எங்கிட்ட வாங்கின பதினஞ்சாயிரத்த இப்பவே ஜிபேயில அனுப்பிரும். நான் மச்சான் கட்சி; நீரு முந்திப் போயிட்டா யாருகிட்ட போயி கேக்க?