ரூட் பாஸ்வேர்ட் பெரியப்பா

கல்யாணம் முடிந்து பந்தல்காரர் கீற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது, "இந்த மொய் நோட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா என்ன?" என்று ஒரு குரல் கேட்டால், அந்த வீட்டில் டேட்டாபேஸ் பெரியப்பா ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம். மதுரைப் பக்கம் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். வங்கியிலோ மின்வாரியத்திலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் டீபேஸ் த்ரீ பிளஸ் படித்துச் சான்றிதழ் வாங்கியவர். அதை இன்னும் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைத்திருப்பார்.

எக்செல் போதுமே என்று யாராவது வாயெடுத்தால் தொலைந்தார்கள். "அது மளிகைக் கணக்குக்கு. இது மொய்டா. ஒரே பேர்ல நாலு பேர் இருப்பான், ஒருத்தனே நாலு விசேஷத்துக்கு எழுதியிருப்பான், அப்பன் மகன் பேர்ல எழுதுவான். இதுக்கு ரிலேஷனல் டேட்டாபேஸ்தான்."

அவர் நம்பும் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல்லின் பூர்வீகம் அவருக்குச் சொந்தக்காரர் கதை மாதிரி அத்துப்படி. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மான்ட்டி விடேனியஸ் தன் மகள் 'மை'யின் பெயரை வைத்தார். பின்னால் தனியே பிரித்துத் தொடங்கிய மரியாடிபிக்கு இளைய மகள் மரியாவின் பெயர். பெரியப்பா வாயில் இது இப்படி வரும்: "மூத்தவளை 2008ல சன் கம்பெனிக்குக் கட்டிக்கொடுத்தாரு. 2010ல அந்த வீட்டையே ஆரக்கிள் வாங்கிருச்சு. இளையவ அப்பன் கூடவே இருக்கா." கேட்கிற பெண்கள், "பாவம் அந்தப் பிள்ளை" என்று உண்மையாகவே வருந்துவார்கள்.

பாதுகாப்புக்கு இருக்கட்டுமே என்று மகள்கள் இருவரையும் ஒரே கம்ப்யூட்டரில் ஏற்றுவார். தனியாக மைஎஸ்கியூஎல், அப்புறம் ஸாம்ப் என்ற மென்பொருள் தொகுப்பு, அதற்குள்ளே மரியாடிபி. இரண்டுக்கும் 3306 என்ற ஒரே போர்ட்தான் வேண்டும். பந்தியில் துண்டு போட்ட இடம் மாதிரிதான், முதலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க மாட்டார். பின்னால் வந்தது சிவப்பு எழுத்தில் புலம்பிவிட்டுப் படுத்துவிடும். கடைசியில் 3307 கொடுத்துச் சமாதானம் செய்வார். எதை எங்கே உட்காரவைத்தோம் என்பது மறுநாள் மறந்துபோகும்.

பாஸ்வேர்ட் கதை இதைவிடப் பெரியது. ரூட் என்ற தலைமைக் கணக்குக்குப் பாஸ்வேர்ட் கேட்டதும் அவர் குரல் தாழ்ந்துவிடும். சொந்தக்காரர்கள் வைத்த நூற்றொன்றையும் இருநூற்றொன்றையும் வெளிநாட்டுக்காரன் திருடிவிடக் கூடாதல்லவா? சிறிய எழுத்து, பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து ஒன்றைக் கட்டி, தினசரிக் காலண்டர் தாளில் குறித்துவைப்பார். பெரியம்மா மறுநாள் காலையில் கடமை தவறாமல் அந்தத் தாளைக் கிழிப்பார். அதற்குப் பிறகு எதைத் தட்டினாலும் "ஆக்சஸ் டினைட்"தான். சரி, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினால் தீர்ந்தது என்று நினைப்பார். ஏற்றி முடித்தால் அது பழைய பாஸ்வேர்டையே கேட்கும். புரோகிராம்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டரில் பழைய டேட்டா பத்திரமாக உட்கார்ந்திருக்கும், பாஸ்வேர்டும் அதற்குள்தான். ஒரு ராத்திரி முழுக்கத் தேடி அந்த ஃபோல்டரைக் கண்டுபிடித்து வெற்றியோடு அழிப்பார். அதுவரை ஏற்றியிருந்த பெயர்களும் கூடவே போகும். அதிகம் இல்லை, பெரும்பாலும் சோதனைக்காகப் போட்ட அவருடைய பெயர்தான்.

பழைய பதிப்பை ஏற்றிய பெரியப்பாக்கள் பாடு இன்னும் மோசம். ஸ்வீடனில் வளர்ந்த மென்பொருள் அல்லவா? 2018ல் 8.0 வரும்வரை, நாமாகச் சொல்லாவிட்டால் அது லத்தீன் எழுத்தை வைத்துக்கொண்டு ஸ்வீடன்காரர்களின் அகரவரிசையில்தான் அடுக்கும். முருகேசன் என்று ஏற்றினால் ????????? என்று திரும்பி வரும். எழுத்துக்கு ஒன்று, கொம்புக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று. அந்தத் திரையைப் பார்த்துவிட்டு, "மொய் வைக்காம சாப்பிட்டுப் போனவங்க லிஸ்டா?" என்று கேட்ட மைத்துனர்களும் உண்டு.

இத்தனைக்கும் நடுவில் டேபிள் வடிவமைப்பு மட்டும் நிற்காது. ஊருக்கு ஒரு டேபிள், உறவுக்கு ஒன்று, விசேஷத்துக்கு ஒன்று. தாய்மாமன் சீர் பணமா பொருளா என்ற ஐயத்துக்கு ஒன்று. டேபிளுக்கும் டேபிளுக்கும் அவர் இழுத்திருக்கும் கோடுகளை அச்செடுத்தால் குலதெய்வக் கோயில் வரி வசூலுக்கே பயன்படும். நோட்டு மட்டும் பீரோவில், மஞ்சள் பைக்குள், யார் கையும் படாமல் இருக்கும்.

திருமங்கலத்திலிருந்து பத்திரிகை வரும். அவர்கள் நமக்கு எவ்வளவு எழுதினார்கள் என்று தெரிய வேண்டும். பெரியப்பா கம்ப்யூட்டரைப் போட்டு, யூபிஎஸ் கத்தி ஓய்ந்து, சர்வீஸ் ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுப்படியிலிருந்து பதில் வந்துவிடும்.

"ஐந்நூத்தி ஒண்ணுங்க. பத்திரிகையில பேரு போடலைன்னு அந்தம்மா பந்தியில கை நனைக்காமப் போயிட்டாக. நாம ஆயிரத்தி ஒண்ணா வச்சிருவோம்."

பெரியப்பா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார். "இத மொதல்லயே சொல்லக் கூடாதா? கோவம்னு ஒரு ஃபீல்டு சேக்கணுமே! டிசைனையே மாத்தணும்."