டெய்சியைத் தண்டித்தவர்கள் யார்?

கேள்வி: ஹென்றி ஜேம்ஸின் 'டெய்சி மில்லர்' குறுநாவலில் மோதிக்கொள்பவை அமெரிக்காவும் ஐரோப்பாவுமா?

பதில்: மேலோட்டமாக அப்படித் தோன்றினாலும், 1878இல் வெளிவந்த இக்குறுநாவலில், இத்தாலியரான ஜியோவனெல்லியுடன் ரோம் நகரில் தயக்கமின்றி உலாவும் அமெரிக்கப் பெண் டெய்சியை ஒதுக்கிவைப்பவர்கள் ஐரோப்பியர் அல்லர், ஐரோப்பாவில் தங்கி, அதன் ஆசாரங்களுக்குத் தாமே காவலர்களாகிவிட்ட திருமதி வாக்கர், திருமதி காஸ்டெல்லோ போன்ற அமெரிக்கர்களே. ஒரு பாத்திரம் அறிந்த அளவே வாசகரும் அறியும் உத்தியில், ஜெனீவாவில் நெடுங்காலம் வாழ்ந்த வின்டர்போர்னின் பார்வைவழியே கதை நகர்வதால், வாசகரும் அவனோடு சேர்ந்து அவளை எடைபோடத் தொடங்குகிறார். இரவில் கொலோசியத்துக்குச் சென்றதால் பற்றிய 'ரோமானியக் காய்ச்சல்', அதாவது மலேரியா, அவள் உயிரைப் பறித்த பின்னரே அவள் களங்கமற்றவள் என ஜியோவனெல்லி சான்றுரைக்கிறான். அக்காலத்தில் மலேரியாவுக்காவது கொய்னா இருந்தது, ஊர்ப்பேச்சுக்கு எந்த மருந்தும் இல்லை.