காம்பஸைச் சுற்றினீர்களா?

செல்போன் மக்கர் செய்தால் அணைத்துப் போடலாம். கம்ப்யூட்டர் உறைந்து நின்றால் பிளக்கைப் பிடுங்கிச் செருகலாம். எண்பது அடி உயரத்தில் தன் இஷ்டத்துக்குத் திரிகிற ட்ரோனை அணைத்துப் போடுங்கள் என்று யாராவது சொல்வார்களா? சொல்கிறார்கள். அதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள்.

என் மைத்துனன் தென்காசியில் கல்யாண வீடியோ எடுப்பவன். தாலி கட்டும் நேரத்தில் கேமராக்காரர் முதுகு மறைக்காமல் இருந்தாலே நல்ல வீடியோ என்றிருந்த காலம் போய்விட்டது. இப்போது ஆவணி முகூர்த்தத்துக்கு ஆடியிலேயே மாப்பிள்ளையும் பெண்ணும் சுந்தரபாண்டியபுரத்து சூரியகாந்திகளுக்கு நடுவே ஓடியாக வேண்டும். அதை ஆகாயத்திலிருந்து எடுத்தாக வேண்டும். அப்படி ஓர் ஓட்டத்துக்கு எடுபிடியாக நானும் போயிருந்தேன்.

பெண்ணுக்கு மேக்கப் முடிந்தது. வெயில் பதமாக இருந்தது. ட்ரோன் கிளம்பவில்லை. புது மென்பொருள் வந்திருக்கிறதாம், ஏற்றினால்தான் மேலே போகுமாம். தோட்டத்தில் சிக்னல் ஒரு கோடுதான். பாதி இறங்கும், நிற்கும், முதலிலிருந்து இறங்கும். ஒருவழியாக ஏறி முடிந்ததும் அடுத்த கட்டளை: காம்பஸைச் சரிசெய். ட்ரோனைக் கையில் கிடைமட்டமாகப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். பிறகு அதன் மூக்கைத் தரையைப் பார்க்கத் திருப்பிக்கொண்டு இன்னொரு சுற்று. மைத்துனன் பயபக்தியோடு சுற்றினான். வரப்பில் உட்கார்ந்திருந்த பெண்ணின் ஆச்சி பொறுத்துப் பார்த்தாள். “ஏல, திருஷ்டிய பொண்ணு மாப்பிள்ளைக்குல்லா கழிக்கணும்? இவன் என்ன தனக்குத்தானே சுத்திக்கிட்டு நிக்கான்?”

ஆச்சி சொன்னபடி செய்திருந்தால் ஒருவேளை பலித்திருக்கும். மேலே போன ட்ரோன் சற்று நேரம் நின்றது. பிறகு மெல்ல வட்டமடித்தது. வட்டம் பெரிதானது. மைத்துனன் ‘வீட்டுக்குத் திரும்பு’ பொத்தானை அழுத்தினான். அது எதை வீடு என்று நினைத்ததோ, பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்குள் இறங்கியது.

இந்த வட்டத்துக்கு ஒரு கணக்கு உண்டு. நீ கிழக்கே நகர்கிறாய் என்று ஜி.பி.எஸ். சொல்கிறது. சரி, மேற்கே போவோம் என்று ட்ரோன் முடிவெடுக்கிறது. மேற்கு எது என்று காட்ட வேண்டிய காம்பஸோ வடக்கைக் காட்டுகிறது. அதை நம்பிப் போனால் விலகல் கூடுகிறது. கூடியதைத் திருத்த இன்னும் வேகம், இன்னும் பெரிய வட்டம். கார், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி, தகர ஷெட் என்று இரும்பு எது பக்கத்தில் இருந்தாலும் காம்பஸ் குழம்பும். மென்பொருள் தன் கணக்கில் குழம்பினாலும் விளைவு இதேதான். தொழில்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் டாய்லெட் பவுல் எஃபெக்ட். ஃப்ளஷ் செய்ததும் தண்ணீர் சுழல்வதைப் பார்த்து யாரோ ரசிகர் வைத்திருக்கிறார்.

அன்றிரவே கம்பெனிக்கு எழுதினோம். “தங்களுக்கு நேர்ந்த அசௌகரியத்துக்கு மிகவும் வருந்துகிறோம்” என்று ஒருவர் பதில் போட்டார். காம்பஸைச் சுற்றினீர்களா? சுற்றினோம். கருவியை அணைத்து மறுபடி இயக்கினீர்களா? கருவி கிணற்றில் இருக்கிறது. மறுநாள் வேறொருவர் வந்து, தானும் மிகவும் வருந்தி, காம்பஸைச் சுற்றினீர்களா என்று கேட்டார். மூன்றாமவர் தற்போது கருவியின் பேட்டரி எத்தனை சதவீதம் என்று கேட்டார். வருத்தத்துக்கு மட்டும் ஒருவரும் குறை வைக்கவில்லை.

கடைசியில் பறந்த பதிவை அனுப்பச் சொன்னார்கள். எந்த நொடியில் எந்த மோட்டார் எப்படிச் சுற்றியது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் அதைத் திறந்து படிக்க அந்தக் கம்பெனியால் மட்டும்தான் முடியும். குற்றவாளிக் கூண்டில் நிற்பவரே சாட்சி சொல்லி, அவரே நீதிபதி நாற்காலியிலும் ஏறிக்கொள்கிற வழக்கு இது. தீர்ப்பு வந்தது: பலத்த காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற அளவுக்குத் தமிழ் தெரிந்தவர்கள் போலிருக்கிறது.

இந்த வழக்கத்தை மாற்றுகிறோம் என்று ஒரு கம்பெனி கிளம்பியது உண்டு. ‘வயர்ட்’ பத்திரிகையின் ஆசிரியராக இருந்த கிறிஸ் ஆண்டர்சன் நடத்திய 3டி ரோபாட்டிக்ஸ், 2015-இல் சோலோ என்ற ட்ரோனைக் கொண்டுவந்தது. பதிவைப் பார்ப்போம், தப்பு எங்கள் கருவியுடையது என்றால் பழுது பார்த்துத் தருவோம் அல்லது வேறு தருவோம் என்று விற்கும்போதே சொன்னார்கள். படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அடுத்த வருஷமே அவர்கள் இந்த வியாபாரத்தை விட்டு விலகிவிட்டார்கள். வாக்குறுதியால் அழிந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். சீனப் போட்டிக் கம்பெனியான டிஜேஐ விலையைக் குறைத்துக்கொண்டே வந்ததில்தான் நொந்துபோனார்கள். ஆனாலும் அந்த மாதிரி வாக்குறுதி தர மற்றவர்களுக்கு ஏன் கை நடுங்குகிறது என்பது புரிகிறது.

கேமரா கம்பெனியான கோப்ரோவின் கர்மா ட்ரோன் கதை இன்னும் விசேஷம். 2016 அக்டோபரில் கடைக்கு வந்தது. பறக்கும்போதே சிலவற்றுக்கு மின்சாரம் நின்று விழுந்ததால், நவம்பர் 8-ஆம் தேதி விற்ற சுமார் 2,500-ஐயும் திரும்ப வாங்கிக்கொள்வதாக அறிவித்தார்கள். மென்பொருள்மீது பழி போடவும் வழியில்லை. பேட்டரியைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி சரியில்லை, அவ்வளவுதான். சரிசெய்து மறுபடி விற்றார்கள். 2018 ஜனவரியில் ட்ரோன் தொழிலே வேண்டாம் என்று அறிவித்தார்கள். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் கழித்து, 2020 புத்தாண்டு பிறந்த கையோடு, உலகம் முழுக்க மிச்சமிருந்த கர்மாக்கள் ஒரே சமயத்தில் செயற்கைக்கோளைக் காணோம் என்று தரையில் உட்கார்ந்துவிட்டன. காம்பஸைச் சுற்றினாலும் ஏற்கவில்லை. கடையைக் கட்டிய பிறகும் உட்கார்ந்து திருத்தம் எழுதி அனுப்பிய அந்தப் புண்ணியவான்களை நான் குறை சொல்ல மாட்டேன். பெயர் வைத்தவரிடம் மட்டும் ஒரு வார்த்தை பேச வேண்டும்.

திருத்தத்தைக் கட்டாயமாக்கியவர்களும் உண்டு. 2017-இல் டிஜேஐ தன் ஸ்பார்க் ட்ரோனுக்குக் கெடு விதித்தது: செப்டம்பர் 1-க்குள் புது மென்பொருளை ஏற்றாவிட்டால் அது கிளம்பாது. பறக்கும்போது சில ஸ்பார்க்குகள் அணைந்து விழுந்ததுதான் காரணம். தலையில் விழாமல் இருக்க வேண்டுமே, செய்தது நியாயம். ஆனால் நாம் காசு கொடுத்து வாங்கிய சாமான் நம் வீட்டு அலமாரியிலிருந்து கிளம்பலாமா கூடாதா என்பதை டிஜேஐ இருக்கும் ஷென்ஜெனில் தீர்மானிப்பார்கள் என்பது அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது.

மைத்துனனின் ட்ரோனை ஒரு பையன் கிணற்றில் குதித்து எடுத்துக் கொடுத்தான். அது பழுது பார்க்கச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு பஸ் ஏறியது. அதற்குள் கம்பெனியிலிருந்து இறுதிக் கடிதம் வந்தது. நல்லெண்ண அடிப்படையில் அடுத்த ட்ரோனுக்குத் தள்ளுபடி தருகிறார்களாம். 2022 பிப்ரவரியிலிருந்து இந்தியாவுக்குள் வெளிநாட்டு ட்ரோனை இறக்குமதி செய்யத் தடை இருப்பது அந்த நல்லெண்ணத்துக்குத் தெரியாது. கீழேயே ஒரு கேள்வித்தாள்: எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

“அஞ்சும் போட்டுட்டேன் அத்தான்” என்றான் மைத்துனன்.

“ஏன்டா?”

“அதுக்குக் கீழ போட்டா காரணம் கேட்டு இன்னொருத்தர் மெயில் போடுவாராம்.”