பேக்கர் தீவுக்கு ஒரு மனு

பெறுநர்: பேக்கர் தீவைக் கவனித்துக்கொள்ளும் அதிகாரி அவர்கள், மீன் மற்றும் வனவிலங்குத் துறை, அமெரிக்கா.

பொருள்: பதினேழரை மணி நேரம் வந்து சேராதது தொடர்பாக.

ஐயா,

தங்கள் தீவில் ஆள் நடமாட்டம் கிடையாது என்பது எனக்குத் தெரியும். பசிபிக் நடுவே இரண்டு சதுர கிலோமீட்டர் நிலம், நிறையக் கடற்பறவைகள். பறவை எச்சத்தை உரமாக விற்கலாம் என்று 1856இல் சட்டமே போட்டு அமெரிக்கா சொந்தம் கொண்டாடிய இடம். 1935 முதல் கொண்டுபோய்க் குடிவைத்த சிலரையும் 1942இல் போர் கிளப்பிவிட்டது.

ஆனாலும் எங்கள் கணினித் துறையில் உங்கள் கடிகாரத்துக்குத்தான் மரியாதை. உலகத்திலேயே நாள் கடைசியாக முடிவது உங்களிடம் என்பதால், பல மாநாடுகள் பேப்பருக்கான டெட்லைனை உங்கள் நள்ளிரவை வைத்தே குறிக்கின்றன. உங்கள் இரவு 11.59 என்றால் சென்னையில் மறுநாள் மாலை 5.29.

ஆக, எனக்குப் பதினேழரை மணி நேரம் இனாம். அது புறப்பட்டது வாஸ்தவம். வெள்ள நிவாரணமும்தான் புறப்படுகிறது. நடுவில் பிஎச்.டி. கைடு என்று ஒருவர் இருக்கிறார், ஐயா.

ஒரு பேராசிரியர் எட்டு ஸ்காலர்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது யுஜிசி விதி. எங்கள் சார் விதியை மதிப்பவர். எட்டுப் பேர் இருக்கிறோம். நான் ஏழாவது. வியாழன் பதினோரு மணி மீட்டிங்கில் என் முறை வருவதற்குள் சாருக்குப் பசி வந்துவிடும். மூன்று வாரம் முன்பே முழு டிராஃப்டையும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். "பாக்கறேம்மா" என்றார்.

பேப்பர் இல்லாமலே தீசிஸ் கொடுக்கலாம் என்று 2022இல் யுஜிசி தளர்த்திவிட்டதே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "அது மினிமம்மா" என்றார்.

டெட்லைன் அன்று நள்ளிரவு போன் செய்தேன். "ஏம்மா பதர்ற? அங்க இப்பத்தான் விடியுது." உங்கள் ஊர் நேரம் அவருக்கு விரல் நுனியில்.

மறுநாள் மாலை 3.10க்குப் பிரிண்ட் திரும்பி வந்தது. முதல் பக்கத்தில் பச்சை மையில் ஒரே வார்த்தை: "நாவல்டி?" இரண்டு அடிக்கோடு. அப்புறம் நான்காம் பக்கத்தில் டீ கிளாஸ் வைத்த வட்டம். மற்றப் பக்கங்கள் கன்னி கழியாமல் இருந்தன. 4.35க்கு வாய்ஸ் மெசேஜ்: "இன்னும் ஒரே ஒரு எக்ஸ்பெரிமெண்ட் மட்டும் போட்டுடும்மா." அந்த ஒரே ஒன்று ஓடி முடிய ஒன்பது மணி நேரம். அப்போது நான் எட்டுப் பக்க வரம்பைத் தாண்டி வழிந்த நான்கு வரிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். படத்தைச் சுருக்கிச் சுருக்கி, அதிலிருந்த எண்கள் எறும்பு வரிசையாகிவிட்டன. 5.27க்கு அனுப்பினேன். எக்ஸ்பெரிமெண்ட் இல்லாமல்தான்.

என் கோரிக்கை சின்னது. இந்த ஆண்டு முதல் பேக்கர் தீவு இந்திய நேரத்துக்கு மாறிவிட்டது என்று எங்கள் சாருக்குத் துறை முத்திரையோடு ஒரு கடிதம் போடுங்கள். மாற வேண்டியதில்லை, கடிதம் போதும். பறவைகளுக்கும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
ஏழாவது ஸ்காலர்

பி.கு.: மனுவை உரிய வழியாக அனுப்பாததற்கு மன்னிக்கவும். உரிய வழி என்றால் கைடு கையெழுத்துப் போட வேண்டும். போடுவதற்கு முன் ஒரு தடவை பார்க்கிறேன் என்பார்.